அமீனா வராத படம்

செழியனின் 'டு லெட்' பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் தேடிப் பிடித்துப் பாருங்கள். பாட்டு கிடையாது, பின்னணி இசை கிடையாது. ஒரு வாடகை வீடு, அதில் இளங்கோ, அமுதா, அவர்களுடைய பையன், அவ்வளவுதான். 2007-ம் வருஷச் சென்னை. ஐ.டி. சம்பளம் வந்து வாடகையை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்ட நேரம். வீட்டுக்கார அம்மாள் 30 நாளில் காலி செய்யச் சொல்கிறார். நாம் குடியிருக்கும்போதே வீடு பார்க்க யார் யாரோ உள்ளே வந்து நிற்பார்களே, அந்தக் கூச்சத்தை இவ்வளவு துல்லியமாக வேறு தமிழ்ப் படத்தில் நான் பார்த்ததில்லை. சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கொடுத்தார்கள். நியாயம்தான்.

எனக்கு ஒரே ஒரு குறை. அந்த வீட்டுக்கார அம்மாள்.

சிடுசிடு என்று இருக்கிறார், சரி. ஏன் அப்படி இருக்கிறார் என்று படம் கேட்கவில்லை. நம் சினிமாவில் வீட்டுக்காரர் என்றால் இரண்டே வகை. ஒன்று காமெடியன், இல்லாவிட்டால் எமன். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) எவ்வளவு பெரிய படம்! அதுவும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வதில்தான் ஆரம்பிக்கிறது.

கொஞ்ச நேரம் சென்னையை விட்டு வாருங்கள். புதுச்சேரியை ஒட்டி வில்லியனூர், பாகூர் என்று பாதி கிராமம், பாதி டவுனாக இருக்கும் ஊர்கள். அங்கே வீட்டுக்காரர் என்றால் பண்ணையார் இல்லை. பாகூரில் ஒருவர், மில்லில் வேலை பார்த்து, வந்த பணத்தில் இரண்டு போர்ஷன் கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அவர் இருக்கிறார். இன்னொன்றின் வாடகைதான் அவருக்குப் பென்ஷன். ஒரு தீபாவளியோடு வாடகை நின்றுபோகிறது. கேட்டால், "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்." வக்கீல் நோட்டீஸ். அப்புறம் கடலூர் சாலையில் இருக்கும் கோர்ட்டுக்கு பஸ், வாய்தா, மறுபடி பஸ். ஒருவழியாகத் தீர்ப்பு: காலி செய்து கொடுக்கவும். மனிதர் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

பாவம், அவசரப்பட்டுவிட்டார். தீர்ப்பு வந்தால் வீடு வராது. அதற்குத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டும். அமீனா போனால் வீடு பூட்டியிருக்கும். எச்சரித்துவிட்டுப் பூட்டை உடைக்க சிவில் நடைமுறைச் சட்டத்தில் (21-வது ஆணை, 35-வது விதி) இடம் உண்டு. நடைமுறையில் அதற்கு ஒரு மனு, போலீஸ் பாதுகாப்புக்கு ஒரு மனு. எல்லாம் வாங்கிக்கொண்டு போனால் வாசலில் குடித்தனக்காரரின் மச்சான் நிற்பார். "நான்தான் இங்க இருக்கேன், கேஸ்ல என் பேரே இல்லையே!" அமீனா திரும்பிவிடுவார். இப்போது 97-வது விதி. மச்சானுக்கு உரிமை உண்டா இல்லையா என்று இன்னொரு வழக்கு மாதிரியே விசாரணை. அதற்கும் அப்பீல் உண்டு.

நான் மிகைப்படுத்தவில்லை. இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குத் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் கஷ்டமே ஆரம்பம் என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது 1872-ல். 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன பழைய நில வழக்கு ஒன்றில், நிறைவேற்று மனுக்களை 6 மாதத்தில் முடிக்கச் சொன்ன சுப்ரீம் கோர்ட், அக்டோபரில் கணக்குப் பார்த்தது. நாடு முழுக்க 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல் நிலுவை. இவையெல்லாம் ஜெயித்தவர்கள் போட்ட மனுக்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது அந்த அம்மாளிடம் திரும்பி வாருங்கள். 10 மாத அட்வான்ஸ், 11 மாத அக்ரிமென்ட், வக்கீலுக்கு வீடு இல்லை, போலீஸுக்கு வீடு இல்லை. இதில் பாதிக்கு மேல் மச்சான் பயம். கோர்ட்டில் பத்து வருஷம் ஆகும் என்று தெரிந்தவர், வாசலிலேயே 30 நாளில் முடிக்கப் பார்க்கிறார். (சாதி கேட்பதற்கு மட்டும் கோர்ட்டைக் காரணம் சொல்ல மாட்டேன். அது வேறு வியாதி.)

வேடிக்கை என்னவென்றால், இளங்கோ காலி செய்யவே வேண்டியதில்லை. அப்போது சென்னையில் நடப்பில் இருந்தது 1960-ம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சொந்த உபயோகம், வாடகை பாக்கி, இடித்துக் கட்டுவது என்று அதில் காரணங்கள் எண்ணி வைத்திருந்தார்கள். 'கூட வாடகை தர ஒருத்தன் வந்திருக்கான்' என்பது அதில் இல்லை. ஒழுங்காக வாடகை கொடுக்கிறவர் கோர்ட்டுக்குப் போயிருந்தால் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம். இளங்கோ போகமாட்டார். மானஸ்தன். சட்டம் காப்பாற்ற நினைத்தது இளங்கோவை, காப்பாற்றியது மச்சானை. படம் இதைத் தொட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

'டு லெட்' தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி 21. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது மறுநாள், 22! ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. நீங்கள் கடைசியாக எத்தனை மாத அட்வான்ஸ் கொடுத்தீர்கள்? புதுச்சேரியின் வாடகைச் சட்டம் வேறு, 1969-ல் வந்தது. ஆனால் பூட்டை உடைக்கிற விதி அங்கும் அதே 35 தான்.

சரி, நம் பாகூர்க்காரருக்கு ஒருநாள் வீடு கிடைத்துவிட்டது. அமீனா ஒப்படைத்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். உள்ளே ஃபேன் இல்லை, கொக்கிதான் இருக்கிறது. குழாயைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கரண்ட் பில் பாக்கி. சுவரில் எந்த வருஷத்துக் காலண்டரோ. மறுபடி வாடகைக்கு விடுவாரா? விடமாட்டார். பெருக்கிவிட்டுப் பூட்டிவிடுவார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டின் நகர்ப்புறங்களில் மட்டும் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. ஒப்பந்தத்தைச் சரியாக நிறைவேற்ற முடியாத நிலையும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே (2017-18) சொன்னது. இளங்கோவும் அமுதாவும் வெயிலில் அத்தனை தெரு அலைகிறார்களே, அதில் ஒரு தெருவிலாவது பூட்டிய வீடு ஒன்றைச் செழியன் காட்டியிருக்கலாம்.