30 + 30 + 30 = 90? தாய்லாந்து வில்லாக் கணக்கு

புக்கெட், பட்டாயா பக்கம் வில்லா விற்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். வெளிநாட்டுக்காரர் பெயரில் நிலம் வாங்க முடியாதுதான், ஆனா 30 வருஷக் குத்தகையை ரெண்டு தடவை புதுப்பிச்சா தொண்ணூறு, கிட்டத்தட்ட சொந்தம் மாதிரி. இதை அப்படியே திருப்பிச் சொல்லும் ‘வழிகாட்டி’களும் இணையத்தில் நிறைய. முன்பணம், வக்கீல், ஒப்பந்தம், பதிவு என்று படிகளைச் சரியாகத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். எந்தப் படியில் என்ன உரிமை கைக்கு வருகிறது என்பதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துக் கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியதே அதுதானே?

தாய்லாந்து குடிமை வணிகச் சட்டத் தொகுப்பின் 540ஆம் பிரிவு குழப்பமே இல்லாதது. அசையாச் சொத்தின் குத்தகை 30 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. 90 என்று எழுதினாலும் 30 ஆகக் குறைக்கப்படும். புதுப்பிக்கலாம், ஆனால் அப்போதும் புதுப்பிக்கும் நாளிலிருந்து 30க்கு மிகாமல். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே பதிவாவது முதல் முப்பது மட்டும். மீதி அறுபது, நில உரிமையாளர் கொடுக்கும் வாக்கு. நடுவில் அவர் நிலத்தை விற்றுவிட்டால், பதிவான குத்தகை புது உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். ‘புதுப்பித்துத் தருவேன்’ என்ற வாக்கு அவரைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் அந்த நாட்டு நீதிமன்றங்கள் எடுத்துவந்த நிலை. எங்க தொழில் பாஷையில் சொன்னால், முதல் முப்பது டேட்டாபேஸில் இருக்கு, மிச்சம் கமெண்ட்டில் இருக்கு.

இதைச் சரிபார்ப்பது கஷ்டமும் இல்லை. நம்ம ஊரில் பதிவு என்பது பரிவர்த்தனைக்கான பதிவுதான், உரிமைக்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் தாய்ப்பத்திரம், வில்லங்கம் என்று துருவுகிறோம். தாய்லாந்தில் 1901இல் தொடங்கிய ‘சனோட்’ உரிமைப் பட்டயம் வேறு ரகம். அளந்து, எல்லைக்கல் நட்டுக் கொடுப்பது. அடமானம், குத்தகை எல்லாம் அதன் பின்பக்கத்தில் ஏறும். அங்கே எத்தனை வருஷம் எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் விலை பேச வேண்டும். விற்பவர் தொண்ணூறுக்கு விலை சொல்வார்.

கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் நிலம் வாங்கும் யோசனை இதைவிட மோசம். பங்குதாரர்களாகக் காட்டும் உள்ளூர்க்காரர்கள் பினாமிகள் என்று தெரிந்தால் நிலத்தை விற்றாக வேண்டும், வழக்கும் வரும்.

வெளிநாட்டவர் முழுச் சொந்தமாக வாங்கக்கூடியது காண்டோ எனப்படும் அடுக்ககக் குடியிருப்பு. 1979ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. ஒரு கட்டடத்தின் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 சதவீதம்வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். ஆகவே முன்பணத்துக்கு முன்பே கட்டட நிர்வாகத்திடம், ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்க. வெளியிலிருந்து வாங்குபவரின் பணம் பொதுவாக வெளிநாட்டு நாணயமாகவே தாய்லாந்துக்குள் போய், அங்கே பாட்டாக மாற வேண்டும். அதற்கு வங்கி தரும் சான்றை நில அலுவலகம் கேட்கும். இங்கேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் பதிவு அந்த இடத்தில் நின்றுவிடும். ரிசர்வ் வங்கியின் வரம்பு ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்பதால், பெரிய தொகை என்றால் தவணைகளை ஏப்ரலுக்கு முன்னும் பின்னுமாகப் பிரித்துவைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்க.