தொட்டறியும் கை

பழைய மாருதி 800-இல் ஏசி குளிரவில்லை என்றால், "கேஸ் போட்டுடலாம்" என்ற பேச்சுதான் முதலில் காதில் விழும். நல்ல மெக்கானிக் அப்படித் தொடங்க மாட்டார்.

பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடச் சொல்லிவிட்டுக் காது கொடுப்பார். 'டக்'கென்று கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கிறதா? இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், ரிலே. பிடித்தால் கை குழாய்களுக்குப் போகும். மெல்லிய குழாய் சூடாக இருக்க வேண்டும். பருத்தது வியர்த்துச் சில்லிட வேண்டும். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவுச் சந்தேகம் அங்கேதான். சோப்பு நுரை மீதியைச் சொல்லும். சின்ன ஓ-ரிங் ஒன்றை மாற்றினாலே தீரக்கூடிய வேலை.

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலையின் அரவைக் காலத்தில், கரும்பு டிராக்டர்களின் பின்னே ஓடும் வண்டிக்கு கன்டென்சர் தூசியில் அடைபடும். தகடு மடங்காமல், தண்ணீரை மெல்லப் பீய்ச்சிக் கழுவினாலே பல நேரம் குளிர் திரும்பிவிடும்.

கசிவை விட்டுவிட்டு நிரப்பும் கேஸ் காற்றோடுதான் போகும். முன்பு ஏசியில் நிரப்பிய ஆர்-12 போன்ற வாயுக்கள் ஓசோனை அரித்ததால் 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. பின்னால் வந்த ஆர்-134ஏ-யும் பூமியைச் சூடாக்குகிறது. ஓட்டையை அடைத்து, வேக்குவம் போட்டு ஈரத்தை இழுத்த பிறகே கேஸ் ஏற்றுபவரைப் பார்த்தால் எனக்குப் பெரிய மரியாதை. அவரிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.