கார்ட்டர் கதையும் கீழே இறங்காத தண்டுகளும்

ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பரில், தன் நூறாவது வயதில் காலமானபோது ஒரு பழைய கதை இணையத்தில் மறுபடி ஒரு சுற்று வந்தது. 1952ல் கனடாவில் ஒரு அணு உலை உருக ஆரம்பித்தது. அமெரிக்கக் கடற்படையில் இருந்த 28 வயது கார்ட்டரை உள்ளே இறக்கினார்கள். அவர் உலை உருகுவதைத் தடுத்தார், பிறகு ஜனாதிபதி ஆனார். சில பதிவுகளில் ஒட்டாவா நகரத்தையே காப்பாற்றிவிடுகிறார்.

கதையில் பாதி உண்மை. கார்ட்டர் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார், கதிர்வீச்சு நிறைந்த உலைக்குள் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் வேலை பார்த்தார். அதற்குத் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவர் போய்ச் சேருவதற்கு முன்பே விபத்து முடிந்துவிட்டது. 1952 டிசம்பர் 12 அன்று என்ஆர்எக்ஸ் உலையின் சக்தி எகிறியதும் அடங்கியதும் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள். கார்ட்டரும் மற்றவர்களும் செய்தது அதற்குப் பிறகான பிரித்தெடுக்கும் வேலை.

மிகைப்படுத்தல் எல்லாக் கதையிலும் இருக்கும், அதற்காக ஒரு பதிவு எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதை எதை மறைக்கிறது என்று பார்த்தபோதுதான் எழுதத் தோன்றியது. கார்ட்டரைத் தாண்டி கொஞ்சம் ஆழமாக எழுதுகிறவர்களும் "உதவியாளர் தப்பான பட்டனை அழுத்தினார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் கதையில் ஒரு ஹீரோ, இரண்டாவதில் ஒரு குற்றவாளி. இரண்டிலுமே இயந்திரம் இல்லை.

சரி, இயந்திரத்துக்கு வருவோம்.

என்ஆர்எக்ஸ் ஒரு ஆராய்ச்சி உலை. 1947 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. எரிபொருள் இயற்கை யுரேனியம். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கனநீர், எரிபொருளைக் குளிர்விக்கச் சாதாரண நீர். உலையை அணைக்க 12 தண்டுகள் இருந்தன: போரான் கார்பைடு பொடி அடைத்த எஃகுக் குழாய்கள். போரான் நியூட்ரான்களை விழுங்கும். தண்டு உள்ளே இருந்தால் உலை தூங்கும், வெளியே எடுத்தால் விழிக்கும்.

இந்தத் தண்டுகளை மேலே பிடித்திருந்தது மின்காந்தம். மின்சாரம் போனால் பிடி விட்டு, எடையாலேயே கீழே விழ வேண்டும். நல்ல யோசனை. ஆனால் அதோடு விடவில்லை. மேலிருந்து காற்றழுத்தம் கொடுத்தால் தண்டு வேகமாகக் கீழே போகும், கீழிருந்து கொடுத்தால் மெதுவாக மேலே வரும். வால்வுகள் அடித்தளத்தில், பட்டன்கள் மேலே கண்ட்ரோல் ரூமில். அவசரத்தில் உலையை அணைக்க வேண்டிய அதே தண்டுதான் உலையை எழுப்பும்போது வரிசையாகத் தூக்கப்படும் தண்டும். நான்கு தண்டுகள் பாதுகாப்புக்கான தனி அணி. மற்ற எட்டும் தானியங்கி வரிசையில். எங்கள் தொழிலில் ஒரே ஃபங்ஷன் நாலு வேலை பார்த்தால் கோட் ரிவ்யூவில் திட்டு விழும்.

அன்று உலையைக் குறைந்த சக்தியில் வைத்து ஒரு சோதனைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அதற்காகச் சில எரிபொருள் தண்டுகளுக்கு வழக்கமான அளவு குளிர்நீர் போகவில்லை. அடித்தளத்தில் இருந்த பணியாளர் தவறுதலாக மூன்று நான்கு வால்வுகளைத் திறந்துவிட்டார். தண்டுகள் மேலே ஏறின, கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மேற்பார்வையாளர் அதைக் கவனித்து, போனில் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தானே கீழே ஓடினார். வால்வுகளைச் சரியான நிலைக்கு மாற்றினார். மேலே சிவப்பு விளக்குகள் அணைந்தன.

என்னைப் பொறுத்தவரை விபத்தின் மையம் இந்த இடம்தான். விளக்கு அணைந்தால் தண்டு முழுக்க இறங்கிவிட்டது என்று அர்த்தம். அறையில் இருந்த எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள், வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? ஆனால் சில தண்டுகள் முழுக்க இறங்கவில்லை. விளக்கை அணைக்கும் அளவுக்கு மட்டும் இறங்கி அங்கேயே நின்றுவிட்டன. ஏன் நின்றன என்பதற்கு உறுதியான காரணம் கடைசி வரை கிடைக்கவில்லை. விளக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது ஸ்விட்சின் நிலையை. பார்த்தவர்கள் அதைத் தண்டின் நிலை என்று வாசித்தார்கள்.

சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது பழகிய வியாதி. டாஷ்போர்டு பச்சையாக இருக்கும், சர்வீஸ் செத்துக்கிடக்கும். சர்வர் "இருக்கேன்" என்று பதில் சொல்கிறதா என்று மட்டும் பார்ப்போம், அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை. எங்களுக்கு அதன் விலை ஒரு ராத்தூக்கம். அங்கே விலை வேறு.

இனி அந்த பிரபலமான பட்டன். அடித்தளத்திலிருந்து மேற்பார்வையாளர் உதவியாளருக்குப் போன் செய்தார். 4, 3 ஆகிய பட்டன்களை அழுத்தச் சொல்ல நினைத்தார். வாயில் வந்தது 4, 1. முதல் எண் பட்டன் அந்தப் பாதுகாப்பு அணியின் நான்கு தண்டுகளையும் மேலே தூக்குவது. இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்த உதவியாளர் ரிசீவரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அதனால் மேற்பார்வையாளர் உடனே தன் பிழையை உணர்ந்து கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது.

"உதவியாளர் தப்பான பட்டனை அழுத்தினார்" என்று எழுதுவதே தவறு. அவர் சொன்னதைத்தான் செய்தார். மேற்பார்வையாளர் மேல் பழியைப் போடலாமா என்றால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முன்பே ஏறிய தண்டுகள் உண்மையிலேயே கீழே இருந்திருந்தால், 4, 1 என்று சொன்னதால் என்ன ஆகியிருக்கும்? நான்கு தண்டுகள் மேலே, மற்றவை உள்ளே. உலை தூங்கிக்கொண்டே இருந்திருக்கும். வாய் தவறிய ஒரு எண் விபத்தானதற்குக் காரணம், விளக்கு அணைந்தும் இறங்காமல் நின்ற தண்டுகள். இந்த ஒரு படி இணையக் கதைகளில் பெரும்பாலும் காணாமல் போகிறது.

அடுத்து நடந்ததும் தண்டுகளின் கதைதான். சக்தி ஏறுவதைச் சுமார் 20 நொடியில் உதவியாளர் கண்டுபிடித்து அவசர நிறுத்தத்தை அழுத்தினார். சரியான முடிவு, சரியான நேரம். தூக்கப்பட்ட நான்கில் ஒன்றுதான் இறங்கியது, அதுவும் ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டு. குளிர்விக்கும் சாதாரண நீர் கொஞ்சம் நியூட்ரான்களை விழுங்கக்கூடியது. அது கொதித்து ஆவியானதும் அந்தக் கொஞ்சம் விழுங்கலும் போய், சக்தி இன்னும் ஏறியது. கடைசியில் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் கனநீரை வடித்துவிட முடிவு செய்தார்கள். கனநீர் இல்லாமல் அந்த உலையில் தொடர்வினை நடக்காது. உலை அடங்கியது. 30 மெகாவாட் உலை அதற்குள் 60 முதல் 90 மெகாவாட் வரை போய்விட்டது. எரிபொருள் உறைகள் வெடித்தன, அடித்தளத்தில் சுமார் 45 லட்சம் லிட்டர் கதிரியக்க நீர் தேங்கியது.

உலை உருகுவதைத் தடுத்த ஹீரோ வேண்டும் என்றால் அந்த அறையில் தேடுங்கள். அவர்களில் யாரும் ஜனாதிபதி ஆகவில்லை, அதனால் அவர்கள் கதை சுற்றுக்கு வரவில்லை.

கனடாக்காரர்கள் கற்றுக்கொண்டது "பட்டனைக் கவனமாக அழுத்து" என்ற பாடம் அல்ல. உலையை ஓட்டும் அமைப்பும் அணைக்கும் அமைப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது. பிறகு வந்த பெரிய கேண்டு உலைகளில் இரண்டு தனி அணைப்பு அமைப்புகள் உண்டு. ஒன்று புவியீர்ப்பில் விழும் தண்டுகள், இன்னொன்று கனநீரில் காடோலினியம் நைட்ரேட் கரைசலைப் பாய்ச்சுவது. ஒன்று சிக்கினால் அதே காரணத்தால் மற்றதும் சிக்காது.

இன்னொரு விதி எனக்கு இதைவிடப் பிடித்தது. ஒரு அணைப்பு அமைப்பு செயலிழந்து கிடக்கும் நேரம் மொத்த நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, அதை உலை ஓடும் காலத்தில் சோதனைகள் மூலமாகவே காட்ட வேண்டும். கணக்கு எளிது. ஒரு தண்டு சராசரியாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம் (விளக்கத்துக்காக நான் எடுத்த எண்). சும்மா நிற்கும் தண்டு சிக்கியதைச் சோதித்தால்தான் தெரியும். வருடத்துக்கு ஒரு சோதனை என்றால், சராசரியாக ஆறு மாதம் சிக்கியது தெரியாமலே ஓட்டுவோம். ஐந்து வருடத்தில் ஆறு மாதம், அதாவது 10 சதவீதம். வாரம் ஒரு சோதனை என்றால் மூன்றரை நாள், சுமார் 0.2 சதவீதம். ஆயிரத்தில் ஒன்றுக்கு இன்னும் அடிக்கடி சோதிக்கணும், இல்லையென்றால் இன்னும் நல்ல தண்டு வேணும். அதே தண்டுதான், சோதிக்கும் இடைவெளிதான் அதன் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கிறது.

சோதித்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அமெரிக்காவின் ஐடாஹோவில் இருந்த எஸ்எல்-1 உலை சாட்சி. ராணுவத்துக்காகக் கட்டிய சிறிய உலை அது. அங்கே தண்டுகளை விழவைத்துப் பார்க்கும் சோதனைகள் ஒழுங்காக நடந்தன, பதிவும் ஆயின. 1959 பிப்ரவரியிலிருந்து 1960 நவம்பர் 18 வரை சோதனைகளில் தண்டு சிக்கியது 40 முறை, சுமார் 2.5 சதவீதம். அடுத்த ஐந்து வாரத்தில் 23 முறை, 13 சதவீதம். எண் ஐந்து மடங்கானது, அப்போதும் பிரச்சினை தீரவில்லை. 1961 ஜனவரி 3 இரவு, பராமரிப்புக்குப் பின் நடுத்தண்டை இயக்கியோடு மறுபடி இணைக்கும் வேலையில், சுமார் 4 அங்குலம் தூக்க வேண்டிய தண்டு ஏறக்குறைய 20 அங்குலம் தூக்கப்பட்டது. மூன்று பேர் இறந்தார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நடுத்தண்டுதான் ஐந்தில் குறைவாகச் சிக்கியது. கையால் இணைக்கும்போது எந்தத் தண்டும் சிக்கியதாகப் பதிவே இல்லை. அதனால் "சிக்கியது, வேகமாக இழுத்தார்" என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்த இடைவெளியில்தான் காதல், பொறாமை, தற்கொலை என்று ஒரு வதந்தி புகுந்து, அறுபது வருடமாக வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. யார் ஏன் இழுத்தார் என்பதைவிடப் பெரிய கேள்வி, ஒரே ஒரு தண்டைக் கையால் இழுத்தால் எழுந்துவிடும் உலையை ஏன் கட்டினார்கள் என்பது. மிக வலுவான தண்டு முழுக்க வெளியே மாட்டிக்கொண்டாலும் மற்றவை உலையை அணைத்தாக வேண்டும் என்பது இன்று அடிப்படை விதி.

கார்ட்டர் கதையிலும் சொல்ல வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. பழுதான உலையின் மாதிரியை அருகில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் கட்டிவைத்து, உள்ளே போகுமுன் அதில் திரும்பத் திரும்பப் பழகியதாக அவர் தன் நூலில் எழுதியிருக்கிறார். உள்ளே ஒரு போல்ட் கழன்றால் வெளியே மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றுவார்கள். அடுத்து போகிறவர் உலை இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே பார்த்துப் பழகலாம். விபத்தன்று கண்ட்ரோல் ரூமில் இல்லாதது இதுதான்: உள்ளே இருப்பதை உள்ளபடியே காட்டும் ஒன்று.

என்ஆர்எக்ஸின் உலைக்கலத்தை எடுத்துப் புதைத்தார்கள், புதியது பொருத்தி 14 மாதத்தில் ஓட்டினார்கள். அது 1993 வரை ஓடியது. அதன் மாதிரியில் கனடாவின் உதவியோடு டிராம்பேயில் கட்டிய சைரஸ் 1960லிருந்து 2010 வரை ஓடியது. ஆக, இது நமக்கு அவ்வளவு தூரத்துக் கதை இல்லை.

அடுத்த முறை கார்ட்டர் பதிவு உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வரும், நிச்சயம் வரும். தப்பு என்று சண்டை போட வேண்டாம். அந்த ஒன்றரை நிமிட வேலை ஏன் வேண்டியிருந்தது என்று மட்டும் கேளுங்கள். பதில் சிவப்பு விளக்கு அணைந்த அந்த நொடியிலிருந்து ஆரம்பிக்கும்.