ஒன்றரை மணி நேரக் காடு

திருப்பூரில் பனியன் கம்பெனி டூர் என்றால் தாராபுரம், ஒட்டன்சத்திரம், தேனி, கம்பம் வழியாக வேன் குமுளி ஏறும். அங்கிருந்து தேக்கடிப் படகு. வாரம் முழுக்க ஓவர்லாக் மெஷினிலும் செக்கிங் டேபிளிலும் குனிந்து கிடந்தவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பெரிது. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் காட்டுப் பிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜீப் ஓட வேண்டுமானால் காட்டுக்குள் பாதை வேண்டும்; படகுக்குத் தண்ணீர் போதும். முட்டிவலிக்கார அம்மாவும் கைக்குழந்தையும்கூட உட்கார்ந்த இடத்திலேயே யானையைப் பார்த்துவிடலாம்.

அதுவும் கோடையில்தான். காட்டோடைகள் வற்றிவிட்டால் யானையும் காட்டுமாடும் ஏரிக்கு இறங்கியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் உள்ளேயே தண்ணீர் கிடைக்கும்போது அவை ஏன் கரைக்கு வரப்போகின்றன? நம் கம்பெனிகளுக்கு நீண்ட லீவோ தீபாவளிக்கு, வடகிழக்குப் பருவமழை நடுவில். படகை விட்டு இறங்கும்போது “ஒரு யானையைக்கூடக் காணோம், காசு தண்டம்” என்ற பேச்சுதான் காதில் விழும்.

அந்தப் பேச்சில்தான் இந்தச் சவாரியின் பெரிய குறை இருக்கிறது. விலங்கு வந்தால் லாபம், வராவிட்டால் நட்டம். நீருக்கு மேல் கறுத்து நிற்கும் பட்டமரங்கள் கணக்கில் வருவதில்லை. 1895இல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றில்தான் சிறகு உலர்த்துகின்றன. வழியில் வேன் ஜன்னலில் ஓடிய கம்பத்து வயல்கள் குடிப்பதும் இந்தத் தண்ணீரையே. சரணாலயம் வந்தது 1934இல், புலிகள் காப்பகம் 1978இல். ஏரி இரண்டுக்கும் மூத்தது.

விலங்குக்காக மட்டும் காத்திருப்பதில் ஆபத்தும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற இரட்டைத் தட்டுப் படகு இங்கே கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். படகின் சமநிலைக் குறை பற்றிக் கேள்விகள் எழுந்தன. விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததும் பேசப்பட்டது.

மாற்று இல்லாமல் இல்லை. பெரியாறு காட்டில் பட்டை உரித்துக் கடத்தியவர்களே பிறகு வழிகாட்டிகள் ஆனார்கள். அவர்களோடு மூங்கில் தெப்பத்தில் போனால் காடு புரியும். ஆனால் தெப்பத்தில் ஏறுவது சிலர்தான். வேன் நிறைய வந்திறங்கும் கூட்டத்துக்கு அது ஒத்துவராது.

நம்மூரில் ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஒரு ஞாயிறு காலை கரையில் நின்று பறவை பார்த்துப் பழகியவருக்குத் தேக்கடியில் யானை வராவிட்டாலும் பொழுது வீணாகாது.

யானையே பார்த்தாக வேண்டும் என்பவர்கள் டூரை ஏப்ரலுக்கு மாற்றலாம். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.