புறநானூறு 192: ஏற்பும் இரக்கமும்

கணியன் பூங்குன்றனாரின் இப்பாடலை ஊழுக்கு அடங்கிய உள்ளத்தின் குரலென்பாருளர். பாடலின் முடிவு அதனை மறுக்கின்றது. பேராற்று வெள்ளத்தில் அகப்பட்ட தெப்பமாக உயிரைக் கண்ட புலவர், அக்காட்சியினின்றும் பெற்ற தெளிவு இரண்டு: உயர்ந்தாரைக் கண்டு மலையாமை, எளியாரை இழிவாக எண்ணாமை. பின்னதையே அவர் மிகுதியும் வற்புறுத்துகின்றார். ஏற்பு ஈண்டு இரக்கத்துக்கு வாயிலாகின்றது.

எனினும், தீமை பிறரால் வருவதன்று என்னும் அவர் கூற்று ஒலுவிலிற் சோதனைக்குள்ளாகின்றது. 2004இல் இக்கரையோரத்தைத் தாக்கிய ஆழிப்பேரலையை இயற்கையின் செயலென ஏற்கலாம். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அமைப்பையொட்டிக் கடல் அரித்த நிலத்தை அங்ஙனம் ஏற்றல் யாங்ஙனம்?

தன் துயருக்குத் தானே கூறிக்கொள்ளும் ஆறுதல், பிறர் துயருக்கு விடையாகுமிடத்து இரக்கமின்மையாகிவிடும். எளியாரை இழிவாக எண்ணாமை, அவர்தம் முறைப்பாட்டைச் செவிமடுத்தலையும் உள்ளடக்கும். பாடலை அவ்வாறு பயில்வதே பொருத்தமுடைத்து.