பில் ராபின்சனின் படிக்கட்டு நடனம்: ஒரு திறனாய்வு

கலைஞர் ஒருவரைப் பற்றித் திறனாய்வு எழுதச் சொன்னால் மாணவர்கள் பலர் என்ன செய்கிறார்கள்? பிறந்த ஆண்டு, பட்ட துன்பம், பெற்ற புகழ், இறந்த ஆண்டு. முடிஞ்சது! அவருடைய கலையைப் பற்றித் தேடினால் ஒரு வரிகூட இருக்காது. பில் ராபின்சன் என்ற அமெரிக்க நடனக் கலைஞரை எடுத்துக்கொண்டு கொஞ்சம் வேறு மாதிரி எழுதிப் பார்ப்போமா?

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1878-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். 'போஜாங்கிள்ஸ்' என்பது பட்டப்பெயர். காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் 'டேப்' நடனத்தில் மன்னர். 1949-இல் இறந்தபோது கையில் காசில்லை. (இந்தக் கடைசி வரியை வைத்தே சிலர் இரண்டு பத்தி எழுதிவிடுவார்கள். வேண்டாமே!)

இப்போது 1935-இல் வந்த 'தி லிட்டில் கர்னல்' படத்துக்கு வருவோம். ராபின்சன் அதில் வாக்கர் என்ற வேலைக்காரர். தூங்கப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சிறுமியை மாடிக்கு அழைத்துப்போக, படிகளில் ஆடிக் காட்டுகிறார். சிறுமியாக நடித்தவர் ஷெர்லி டெம்பிள். அவருக்கு வயது 6, ராபின்சனுக்கு 56. இடுப்புக்கு மேலே உடம்பு நிமிர்ந்தே இருக்கிறது. வேலை முழுவதும் காலில்தான். பாதத்தை முழுசாகப் பதித்து ஆடிய பழைய பாணியை விட்டு, முன்பாதத்தில் ஆடும் பாணியை வளர்த்தவர் அவர். அதனால்தான் ஒவ்வொரு தட்டும் அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. 56 வயதில் அது லேசுப்பட்ட காரியமா?

பிறகு அவர் சிறுமியின் கையைப் பிடிக்கிறார். இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். கறுப்பின ஆண் ஒருவர் வெள்ளையினச் சிறுமியோடு கைகோத்த அந்தக் காட்சியைத் தென் மாநிலங்களில் வெட்டிவிட்டுத் திரையிட்டார்கள்.

ஆனால் ராபின்சன் மீது பிற்காலத்தில் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. வெள்ளையர் முன் சிரித்துக் குழையும் வேலைக்காரராகவே நடித்தார் என்பது அது. அதைத் தள்ளிவிட முடியாது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய கென்டக்கியில் கறுப்பினத்தவர் சேவகம் செய்வதில் மகிழ்ச்சியாக இருந்ததைப் போலத்தான் படம் காட்டுகிறது. அவ்வளவு அருமையான நடனமும் அந்தப் பொய்க்குள்ளேதான் நடக்கிறது.

1943-இல் 'ஸ்டார்மி வெதர்' வந்தது. முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் நடித்த படம். ராபின்சன்தான் கதாநாயகன், வயது 65. இங்கே சேவகம் இல்லை, குழைவு இல்லை. ஆனாலும் என் கணிப்பில், அவருடைய சிறந்த நடனம் இந்தப் படத்தில் இல்லை. இதிலும் ஒரு படிக்கட்டு வருகிறது பாருங்க. அதில் ஒருவரையொருவர் தாண்டிக் குதித்துக் கால்களை அகல விரித்து இறங்கி, படத்தையே தட்டிப் பறிப்பவர்கள் நிக்கலஸ் சகோதரர்கள். கௌரவமான பாத்திரம் கைக்கு வந்தபோது ராபின்சனின் கால்களுக்கு வயதாகிவிட்டிருந்தது.

ஆசிரியர்களே, வகுப்பில் 1935-ஆம் ஆண்டுக் காட்சியை இரண்டு தடவை போடுங்கள். முதல் தடவை திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்கட்டும். அடுத்த தடவை திரையைத் திறந்து, அவர் போட்டிருக்கும் உடையையும் கவனிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு பேனாவை எடுக்கட்டும்.