பெடிக்யூரில் விட்டுப்போன பத்து நிமிடம்

பெடிக்யூர் கற்றுத்தரும் தமிழ் வீடியோக்கள் ஏழெட்டை வரிசையாகப் பார்த்தேன். செய்பவர்கள் எல்லாம் கைப்பழக்கம் உள்ளவர்கள்தான். வெந்நீர், ஸ்க்ரப், மசாஜ், க்ரீம் என்று எல்லாம் அழகாக வருகிறது. ஆனா ஒருத்தர் எழுந்து போனபிறகு, அடுத்தவர் அதே டப்பில் கால் வைப்பதற்கு முன் என்ன செய்யணும் என்பது ஒன்றிலும் இல்லை. இந்த வேலையில் முக்கியமான இடமே அதுதான் என்பேன்.

2000-ல் கலிபோர்னியாவின் வாட்சன்வில் ஊரில், ஒரே நெயில் சலூனுக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் கிளம்பின. பலருக்கு மாதக்கணக்கில் ஆறவில்லை. காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்ற கிருமி. குழாய்த் தண்ணீரிலேயே இருக்கக்கூடியது. தண்ணீரைச் சுழற்றும் அந்தக் கால்தொட்டிகளில், உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் செத்த தோலும் அடைந்து கிடந்தன. கிருமிக்கு அதுவே குடியிருப்பு. 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது: பெடிக்யூருக்கு முன் ரேசரால் காலை மழித்தவர்களுக்கே ஆபத்து அதிகம். பார்க்க நல்லா இருக்கணும்னு ஷேவ் பண்ணிட்டுப் போனவங்க, பாவம்.

நான் பார்த்த வீடியோக்களில் இருப்பது சாதாரண பிளாஸ்டிக் டப். மோட்டாரும் சல்லடையும் கிடையாது. ஒருவகையில் நல்லதுதான். ஆனால் தண்ணீரைக் கொட்டி ஒரு அலசு அலசுவது கழுவுதல் மட்டுமே. முதலில் சோப்புப் போட்டுத் தேய்க்கணும். அழுக்கு இருந்தால் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. பிறகு கிருமிநாசினியை, அதன் லேபிளில் போட்டிருக்கும் நேரம்வரை, பெரும்பாலும் பத்து நிமிடம், ஈரமாகவே விட்டுவைக்கணும். நகவெட்டிக்கும் இதே கணக்கு. சிலர் காட்டும் நீலவிளக்குப் பெட்டி இதற்கு மாற்று ஆகாது. வெளிச்சம் படாத மூட்டிலும் இடுக்கிலும் அது ஒன்றும் செய்யாது. மரக்குச்சியையும் அட்டை ஃபைலையும் கிருமிநீக்கம் செய்ய வழியில்லை. ஒருவருக்குப் பயன்படுத்தினால் குப்பைக்குத்தான்.

ஒரு வீடியோவில் குதிகால் தோலை பிளேடால் சீவுகிறார்கள். கலிபோர்னியா சலூன்களில் இதற்குத் தடை உண்டு. சுகரால் கால் மரத்துப்போனவருக்கு வெட்டினாலும் தெரியாது, தண்ணீர் சுட்டாலும் தெரியாது. "சுகர் இருக்கா, கால்ல புண் ஏதாவது இருக்கா" என்று ஒரு வீடியோவிலாவது கேட்பார்களா என்று கடைசிவரை பார்த்தேன். நெயில் பாலிஷ் என்ன கலர் என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.